உயிரோடிருக்கும் சாட்சி: 'கிர்பாவிட்சா' திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

'ஷஹீத்' என்ற சொல்லுக்குத் தமிழ் முஸ்லிம்களிடம் விளக்கம் கூற வேண்டியதில்லை. இறைவழியில் உயிர் நீத்தவர் என்னும் பொருளில் அது நம் பேச்சிலும் எழுத்திலும் இரண்டறக் கலந்துவிட்டது. ஆயின், அச்சொல்லின் வேர் சாட்சியம் என்பதை நாம் அரிதாகவே நினைவுகூர்கிறோம். கலிமாவைக் குறிக்கும் 'ஷஹாதா', சாட்சியைக் குறிக்கும் 'ஷாஹித்', உயிர்த் தியாகியைக் குறிக்கும் 'ஷஹீத்' ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. திருக்குர்ஆன் 'ஷுஹதா' என்ற பன்மைச் சொல்லைப் பல இடங்களில் சாட்சிகள் என்ற பொருளிலேயே ஆளுகிறது. மாண்டவருக்கும், உயிரோடிருந்து கண்டதை எடுத்துரைப்பவருக்கும் நம் மரபு ஒரே வேர்ச்சொல்லை வழங்கியிருக்கிறது. இதன் கனத்தை எனக்கு முழுமையாக உணர்த்தியது ஒரு போஸ்னியத் திரைப்படம்.

யாஸ்மிலா ஷ்பானிச் எழுதி இயக்கிய 'கிர்பாவிட்சா' 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியைப் பெற்றது. இயக்குநர் 1974இல் சரயேவோவில் பிறந்தவர். போர் மூண்டபோது அவருக்கு வயது பதினேழு. ஒன்றரை மணி நேரம் மட்டுமே ஓடும் இப்படம் அவருடைய முதல் முழுநீளக் கதைப்படமாகும்.

படத்தின் பெயர் சரயேவோ நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர். 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை 1,425 நாட்கள் நீடித்த முற்றுகையின்போது, நகரின் பெரும்பகுதி போஸ்னிய அரசின் கையில் இருக்க, மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையிலுள்ள கிர்பாவிட்சா செர்பியப் படைகளின் பிடியில் இருந்தது. அதன் உயர்ந்த கட்டடங்களிலிருந்து மறைந்து சுடுவோர் நகர மக்களைக் குறிவைத்தனர். அங்குச் சிக்கிக்கொண்ட செர்பியரல்லாதார் அடைந்த துன்பங்கள் பல. 1996 மார்ச்சில்தான் அப்பகுதி மீண்டும் நகரோடு இணைந்தது. அப்பெயரில் 'கூன்' என்று பொருள்படும் சொல் ஒளிந்திருக்கிறது. முதுகில் சுமையேறிய பெண் என்ற குறிப்பைப் படத்தின் தலைப்பே சுமந்து நிற்கிறது.

கதை எளியது. எஸ்மா என்னும் நடுத்தர வயதுப் பெண் பன்னிரண்டு வயது மகள் சாராவுடன் கிர்பாவிட்சாவில் வாழ்கிறாள். போருக்கு முன் மருத்துவம் பயின்றவள், இப்போது இரவு விடுதியொன்றில் பரிமாறுபவளாக வேலை செய்கிறாள். பள்ளியில் சுற்றுலா ஏற்பாடாகிறது. கட்டணம் இருநூறு யூரோ. தந்தை ஷஹீத் எனச் சான்றிதழ் கொண்டுவரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தன் தந்தை போரில் ஷஹீதானவர் என்றே சாரா நம்பி வளர்ந்திருக்கிறாள். அதில் அவளுக்குப் பெருமிதமும் உண்டு. சான்றிதழைக் கொண்டுவரும்படி தாயை வற்புறுத்துகிறாள். எஸ்மாவோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் கூறித் தட்டிக்கழிக்கிறாள்; ஒருபுறம் யாரிடமிருந்தாவது கடன் பெற்று முழுக் கட்டணத்தையும் கட்டிவிடத் துடிக்கிறாள். சான்றிதழ் வாங்குவதைவிடப் பணம் புரட்டுவது எளிதென்று ஓர் ஏழைத்தாய் ஏன் கருதுகிறாள்? இக்கேள்வியே படத்தை முன்னெடுத்துச் செல்கிறது.

கூர்ந்து பார்ப்பவருக்கு விடை முதற் காட்சிகளிலேயே கிடைத்துவிடும். கம்பள விரிப்பின் பூ வேலைப்பாடுகள் மீது நகரும் ஒளிப்படக் கருவி, கண்மூடி அமர்ந்திருக்கும் பெண்களின் முகங்களுக்கு மெல்ல உயர்கிறது. பின்னணியில் இலாஹி எனப்படும் போஸ்னிய முஸ்லிம்களின் பக்திப் பாடல் ஒலிக்கிறது. போரில் பாதிக்கப்பட்ட பெண்கள் கூடும் மன்றம் அது. இறுதியில் எஸ்மாவின் முகம் வருகிறது. அவள் கண் திறந்து நம்மை நோக்குகிறாள். அடுத்து, தாயும் மகளும் விளையாட்டாகக் கட்டிப்புரளும் காட்சி. சிரிப்புக்கிடையே சாரா தாயின் மேலேறி அமர்ந்து இரு கைகளையும் தரையோடு அழுத்துகிறாள். நொடியில் எஸ்மாவின் முகம் மாறுகிறது. மகளைத் தள்ளிவிட்டு எழுகிறாள். சாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமக்கு ஏதோ விளங்கத் தொடங்குகிறது.

போரின்போது முகாமொன்றில் அடைக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானவள் எஸ்மா. சாரா அக்கொடுமையில் பிறந்தவள். இதை இங்குக் கூறுவதால் படத்தின் சுவை குன்றிவிடாது என்பதுதான் இப்படைப்பின் தனிச்சிறப்பு. குடும்ப இரகசியத்தையும் போரையும் இணைத்துப் பேசும் மற்றொரு புகழ்பெற்ற படத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கனடிய இயக்குநர் டெனி வில்னெவ் 2010இல் அளித்த 'இன்சாந்தி', லெபனானில் பிறந்த வஜ்தி முஅவ்வத்தின் நாடகத்தைத் தழுவியது. மறைந்த தாயின் கடந்த காலத்தைத் தேடி இரட்டைப் பிள்ளைகள் பெயர் சொல்லப்படாத ஒரு மத்தியகிழக்கு நாட்டுக்குச் செல்கின்றனர். அப்படத்தில் இரகசியம் ஒரு பூட்டு. முடிச்சு முடிச்சாக அவிழ்ந்து, இறுதியில் பார்வையாளரை அதிரவைக்கும்படி திறக்கிறது. ஆற்றல் மிக்க படம்தான். ஆயினும், திகைப்பு அடங்கியபின் நம் மனத்தில் எஞ்சுவது கதைப்பின்னலின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்ற வியப்பே. 'கிர்பாவிட்சா' அவ்வாறு கணக்குப் போடுவதில்லை. இரகசியம் என்னவென்று நமக்கு முன்னரே தெரியும். தெரியாதவள் சாரா மட்டுமே. ஆகவே நாம் எஸ்மாவின் பக்கம் நின்று, அவளோடு சேர்ந்து மகளிடமிருந்து மறைப்பவர்களாகி விடுகிறோம். மறைப்பதன் பாரத்தைச் சுமக்கும்போதுதான், சொல்லிவிடுவது எத்துணைக் கடினமென்று புரிகிறது.

இயக்குநர் கடைப்பிடித்துள்ள மற்றொரு கட்டுப்பாடும் போற்றத்தக்கது. முகாமில் நடந்ததை அவர் ஒரு கணமும் காட்டவில்லை. கடந்த காலத்துக்குத் திரும்பும் காட்சியே படத்தில் இல்லை. நெரிசல் மிகுந்த பேருந்தில் ஓர் ஆணின் திறந்த மார்பும் அதில் தொங்கும் சங்கிலியும் கண்ணெதிரே நெருங்க, எஸ்மா இறங்கி ஓடுகிறாள், அவ்வளவே. போர்க்கால வன்கொடுமைகளைக் கண்டிக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள், கண்டிக்கும் செயலையே விரிவாகக் காட்டி அப்பெண்ணை மறுபடியும் பலர் பார்வைக்கு இரையாக்கியுள்ளன. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறு நம் மார்க்கம் பணிக்கிறது. ஒரு கலைப்படைப்பு எவ்வாறு பார்வையைத் தாழ்த்திக்கொண்டே உண்மையைப் பேச முடியும் என்பதற்கு இப்படம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

கதை உச்சத்தை அடைவது ஒரு பட்டியலினால். ஷஹீத்களின் பிள்ளைகள் என்ற வரிசையில் தன் பெயர் இல்லை என்பதையும், தாய் முழுக் கட்டணமும் செலுத்தியிருப்பதையும் சாரா அறிகிறாள். சக மாணவர்களின் ஏளனம் அவளைத் தைக்கிறது. அவளுடைய தோழன் சமீர் உண்மையிலேயே ஷஹீதின் மகன்; தந்தை எங்கு, எவ்வாறு இறந்தார் என அவன் அறிவான். சாராவுக்கு அவ்விவரம் எதுவும் தெரியாது. சமீரிடமிருந்து பெற்ற கைத்துப்பாக்கியைத் தாயின் முன் நீட்டி உண்மையைக் கேட்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அடக்கிவைத்த சொற்கள் எஸ்மாவின் வாயிலிருந்து கோபமாகவும் அடியாகவும் வெடிக்கின்றன. மகளை மடியில் கிடத்தி ஆறுதலாகச் சொல்ல வேண்டிய உண்மை, கொடுமையான வசைபோல் வந்து விழுகிறது. தாய் இவ்வளவு குரூரமாகப் பேசலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், சொல்வதற்கு ஒரு மொழியையும் இடத்தையும் சமுதாயம் அளிக்கத் தவறியபோது, உண்மை அவ்வாறுதான் வெளிவரும்.

முன்பொரு சமயம், தான் தந்தையை எவ்வகையில் ஒத்திருக்கிறேன் என்று சாரா கேட்டிருந்தாள். வேறு எதையும் கூறவியலாத எஸ்மா, தலைமுடியில் என்று சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்ததும் சாரா தன் தலையை முழுமையாக மழித்துக்கொள்கிறாள். சொல்லின்றி நிகழும் இக்காட்சியைக் கண்டு கலங்காதார் இருக்க முடியாது. யார் செய்த குற்றத்தையோ ஒரு சிறுமி தன் உடலிலிருந்து களைய முற்படுகிறாள்.

இதையடுத்தே படத்தின் இதயம் அமைந்துள்ளது. மன்றத்துக்குச் சென்றும் இதுவரை வாய் திறவாதிருந்த எஸ்மா, முதன்முறையாகப் பேசுகிறாள். வயிற்றிலிருந்த கரு அழியவேண்டுமெனத் தன்னைத்தானே குத்திக்கொண்டதையும், பிறந்த குழந்தையைப் பார்க்கவும் மறுத்ததையும் கூறுகிறாள். மறுநாள் குழந்தையின் அழுகுரல் கேட்டுப் பால் சுரந்தது. ஒரே ஒரு முறை பாலூட்டுகிறேன் என்று வாங்கினாள். கையில் கிடத்தியபோது அச்சிறு உயிர் அத்தனை அழகாயிருந்தது. உலகில் அழகானது என ஏதும் எஞ்சியிருக்கும் என்பதையே தான் மறந்திருந்ததாகச் சொல்கிறாள். வெறுப்பும் பாசமும் ஒரே குழந்தையின்மேல் கவிந்த வரலாறு இது. எஸ்மா எதையும் மெருகிடவில்லை. தன்னைத் தியாகியாகவும் காட்டிக்கொள்ளவில்லை. நடந்ததைச் சான்றுரைக்கிறாள்.

கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட சொல் இங்கே முழுப் பொருள் கொள்கிறது. போஸ்னிய மொழியில் 'ஷெஹித்' என வழங்கும் அச்சொல், போர்க்காலத்திலும் அதன் பின்னரும் உயிர் நீத்த வீரர்களுக்கு உரியதாயிற்று. அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன. குடும்பத்தினருக்கு உதவிகள் கிடைத்தன. அவை யாவும் தகுதியானவையே. ஆயின், அதே போரில் அதே காரணத்துக்காக உடலும் உள்ளமும் சிதைக்கப்பட்டு, சாகாமல் எஞ்சியவளுக்கு என்ன பெயர்? மாண்டவருக்குச் சான்றிதழ் வழங்கத் தெரிந்த சமுதாயத்திடம், கண்டு அனுபவித்து உயிரோடிருக்கும் சாட்சிக்கு வழங்க ஒரு சொல்கூட இல்லை. மகளின் கண்ணியத்தைக் காக்க அவள் இறந்தவர்களின் பட்டியலிலிருந்தே ஒரு தந்தையைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. எஸ்மாவின் பொய்யை நாம் குறை கூறுவதற்கு முன், அப்பொய்யை அவசியமாக்கிய சூழலைக் கேள்விக்குட்படுத்த வேண்டும்.

நம் மரபு இவ்விடயத்தில் ஊமையாக இல்லை. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்ணின்மீது குற்றமில்லை. நிர்ப்பந்தத்துக்குப் பின் அல்லாஹ் மன்னிப்பும் கருணையும் உடையவனாகவே இருக்கிறான் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் தரும் செய்தி. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருமறை மீண்டும் மீண்டும் நிலைநாட்டும் அடிப்படை. எல்லாவற்றுக்கும் மேலாக, அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணித்த கையோடு, தந்தையர் அறியப்படாதோர் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்று அறிவிக்கிறது. தந்தை பெயர் இல்லாத பிள்ளையைச் சமூகத்துக்கு வெளியே நிறுத்தாமல், சகோதரத்துவத்துக்குள் அழைத்துக்கொள்ளும் வசனம் அது. ஸுன்னத் வல்ஜமாஅத்தின் ஃபிக்ஹு மரபிலும் அத்தகைய பிள்ளை தாயின் வமிசத்தோடு இணைக்கப்படுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே வாரிசுரிமை நிலைக்கிறது. பன்னிரண்டு வயதுச் சாராவுக்கு யாராவது இதனை எடுத்துச் சொல்லியிருந்தால் அவள் கத்திரியையும் சவரக் கருவியையும் நாடியிருக்க மாட்டாள் அல்லவா? ஏட்டில் உள்ள கருணை வகுப்பறையையும் அண்டை வீட்டையும் சென்றடையாமல் போனது எங்ஙனம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வினாவை போஸ்னியர்களை நோக்கி மட்டும் எழுப்புவது முறையாகாது. 'கற்பழிப்பு' என்ற சொல்லைத் தமிழ் நாளேடுகள் நெடுங்காலம் தயக்கமின்றி அச்சிட்டு வந்தன. குற்றம் இழைத்தவனின் செயலைக் கூறாமல், பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்துவிட்டாள் என்று தீர்ப்பளிக்கும் சொல் அது. வன்புணர்வு, பாலியல் வன்முறை ஆகிய சொற்கள் பிற்பாடு பரவின என்றாலும், பழைய சொல்லின் பின்னுள்ள மனப்பான்மை நம் வீடுகளை விட்டு முழுமையாக அகன்றுவிட்டதா? மானம் காப்பதென்ற பெயரில் நாம் யாருடைய வாயை மூடுகிறோம்?

படத்துக்குக் குறைகளே இல்லை என்பதற்கில்லை. இரவு விடுதியின் முதலாளியையும் அடியாட்களையும் சுற்றிய பகுதிகள், எத்தனையோ படங்களில் பழகிய உலகமாகவே தோன்றுகின்றன. சிறுமியின் கையில் துப்பாக்கி வருவது, உணர்ச்சியை உச்சத்துக்கு ஏற்றவேண்டி வலிந்து செய்ததோ என்ற ஐயம் எழாமலில்லை. ஆனால், அவ்விடுதியின் காவலனாகிய பெல்டா என்ற பாத்திரம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. புதைகுழிகளிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட உடல்களை அடையாளம் காணச் செல்லும் இடத்தில் எஸ்மாவும் தானும் முன்னர்ச் சந்தித்திருப்பதை அவன் நினைவுகூர்கிறான். அவன் தன் தந்தையின் உடலைத் தேடுகிறான். அவ்விருவரின் நட்பு அரும்பும் இடமே, அந்நகரத்தில் இயல்பு வாழ்க்கை என்பது எதன்மீது எழுப்பப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. மார்க்க அறிஞர் எவரையும் கதையின் முதன்மைப் பாத்திரங்களிடையே காண முடியவில்லை என்பதும் கருதத்தக்கது. பக்திப் பாடல் மட்டுமே அப்பெண்களோடு உடனிருக்கிறது. இதனை இயக்குநரின் குறையாகக் கொள்வதா, நம்மை நோக்கிய மௌனமான கேள்வியாகக் கொள்வதா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

எஸ்மாவாக நடித்த மிரியானா கரனோவிச் ஒரு செர்பியர் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1985இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற, எமிர் குஸ்துரிகாவின் 'தந்தை வெளியூர் சென்றிருந்தபோது' படத்திலும் அவரே தாய். அரசியல் காரணத்துக்காகக் கணவன் சிறைப்பட்டதை மறைத்து, தந்தை தொழில் நிமித்தம் வெளியூர் சென்றிருப்பதாகப் பிள்ளையிடம் கூறும் சரயேவோத் தாய் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, அதே நகரில், அதே நடிகை, தந்தையைப் பற்றிய மற்றொரு பொய்யைச் சுமக்கிறார். முதற்பொய் கணவன் திரும்பியதும் முடிந்துபோகக் கூடியது. இரண்டாவதற்கு அத்தகைய முடிவு கிடையாது. தம் இனத்தின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைக்கு ஆளானவளின் முகமாக நிற்க அவர் முன்வந்தமை துணிவு மட்டுமன்று. அதுவும் ஒரு சாட்சியமே.

போஸ்னியப் போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் சுமார் 20,000 என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதனினும் மிகுதி என்போரும் உளர். ஹேக் நகரிலிருந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2001 பெப்ரவரி 22இல், ஃபோச்சா நகரில் நிகழ்ந்த கொடுமைகளுக்காக மூவருக்குத் தண்டனை விதித்து, வன்புணர்வை மானுடத்துக்கு எதிரான குற்றமென அறிவித்தது. அத்தீர்ப்பு சாத்தியமானது, அங்கு சென்று சான்றுரைத்த பெண்களால்தான். எனினும் தாயகத்தில் அவர்கள் நிலை வேறாயிருந்தது. படம் வெளியானபோது, அதனையொட்டி எழுந்த கையெழுத்து இயக்கம் சட்டத்திருத்தம் கோரியது. 2006இலேயே போஸ்னிய-ஹெர்ஸகோவினா கூட்டமைப்பு, வன்புணர்வுக்கு ஆளானோரைப் போரில் பாதிக்கப்பட்ட குடிமக்களாகச் சட்டத்தில் ஏற்றது. ஒரு திரைப்படத்தின் பங்களிப்போடு சட்டம் மாறுவது அன்றாடம் நிகழ்வதன்று.

சாராவின் தலைமுறைக்கோ காத்திருப்பு இன்னும் நீண்டது. அக்கொடுமையில் பிறந்தோர் 2015இல் சரயேவோவில் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒவ்வொரு படிவமும் தந்தை பெயரைக் கேட்பது தங்களுக்கு எத்தகைய வதை என்பதை வெளிப்படையாகப் பேசினர். 2022இல் பிர்ச்கோ மாவட்டமும், 2023இல் கூட்டமைப்பும் அவர்களைப் போரினால் பாதிக்கப்பட்ட தனிப்பிரிவினராகச் சட்டத்தில் அங்கீகரித்தன. அதற்குள் சாராவின் வயதொத்தோர் முப்பதை எட்டியிருந்தனர். சாராவிடம் பள்ளி கேட்ட சான்றிதழ் ஒருவாறாக, மிகத் தாமதமாக, வந்துசேர்ந்தது. அதில் இறந்த ஒரு தந்தையின் பெயர் தேவைப்படவில்லை.

படத்தின் இறுதியில் சுற்றுலாப் பேருந்து புறப்படுகிறது. மழித்த தலையோடு சாரா ஏறுகிறாள், தாயிடம் பேசவில்லை. எஸ்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேருந்து நகர்ந்தபின், பின்புறக் கண்ணாடி வழியே சாராவின் கை மெல்ல உயர்கிறது. தாயும் கையசைக்கிறாள். உள்ளே பிள்ளைகள் சரயேவோவைப் பற்றிய பாட்டொன்றைப் பாட, சாராவும் அதில் சேர்ந்துகொள்கிறாள். மன்னிப்பு என்றோ சமாதானம் என்றோ இயக்குநர் இதற்குப் பெயரிடவில்லை. பொய்யில்லாமல் ஒருவரையொருவர் நோக்கும் முதல் கணம் அது என்று மட்டும் கூறலாம்.

ஷஹீத்களை நினைவுகூர்வது நம் கடமை. உயிரோடிருக்கும் சாட்சிகளுக்குச் செவிகொடுப்பதும் அதே சொல்லிலிருந்து பிறக்கும் கடமையே. வாய்ப்புள்ளோர் இப்படத்தைத் தம் மனைவி மக்களோடு, குறிப்பாக வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க வேண்டும். பார்த்தபின் எழும் உரையாடலை இடையில் நிறுத்திவிடாமல் இருக்கவும் வேண்டும்.